ஏழு இரவு, தனி காட்டேஜ், வாசிப்பும் எழுத்தும்: முன்பணம் கட்டும் முன் என்னென்ன கேட்கணும்?

பாதிவரைவு:

வணக்கம். நானும் என் தோழியும் ஊர் இரைச்சலை விட்டு விலகி ஏழு இரவு ஒரு காட்டேஜில் தங்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு ஒரு குறுநாவலின் முதல் வரைவு பாதியில் நிற்கிறது. அவள் வாசிக்க மட்டும் வருகிறாள். கார் உண்டு, சமையல் நாங்களே.

எல்லா விளம்பரத்திலும் "அமைதியான சூழல்" என்று போட்டிருக்கிறது. படங்களில் கட்டில், குளியலறை, தோட்டம் எல்லாம் இருக்கின்றன. மேசை ஒன்றிலும் இல்லை. சத்தம் இருக்காது என்பதை முன்பணம் கட்டும் முன் எப்படித் தெரிந்துகொள்வது? எழுத உட்காரும் இடத்துக்கு என்ன கேட்டு வாங்கணும்? அடிக்கடி கரண்ட் போகும் என்கிறார்கள், லேப்டாப்புக்கு என்ன ஏற்பாடு? புத்தகம் எத்தனை எடுத்துப் போவது? இணையம் உள்ள வீடா, இல்லாத வீடா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்:

சத்தத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். மத்ததுக்கு ஆள் இருக்காங்க.

ஒதுக்குப்புறமா இருந்தா சத்தம் இருக்காதுன்னு நினைக்காதீங்க. ஊருக்குள்ள முட்டுச்சந்துல கடைசி வீடு, வயலுக்கு நடுவுல நிக்கிற வீட்டைவிட அமைதியா இருக்கலாம். வயக்காட்டுல பம்பு மோட்டார், டிராக்டர், மரம் அறுக்கிற ரம்பம், விடிய ரெண்டு மணி நேரம் இருக்கும்போதே கூவுற சேவல் எல்லாம் உண்டு. இது நாள் முழுக்க இருக்காது. ஆனா வந்தா எதுவும் தடுக்காம நேரா காதுக்கு வரும்.

வீடு எங்கே இருக்குன்னு சரியா கேட்டு வாங்குங்க. சில தளங்கள் பணம் கட்டின பிறகுதான் துல்லியமான இடத்தைக் காட்டும். அப்படின்னா பக்கத்துச் சாலை எது, எவ்வளவு தூரம்னு உரிமையாளர்கிட்டயே கேளுங்க. செயற்கைக்கோள் படத்துல அந்த இடத்தைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டரை மெதுவா பாருங்க. கல்குவாரி, ஓரமெல்லாம் படிப்படியா வெட்டின வெளிர் நிறக் குழியா தெரியும். கோழிப்பண்ணைன்னா நீளமான கூரைகள் வரிசையா, ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கும். பெரிய பார்க்கிங், பக்கத்துல புல்வெளி, அதுல ஒரு வெள்ளைக் கூடாரம் தெரிஞ்சா அது விழா நடக்கிற இடம். சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர் உறுதி.

நெடுஞ்சாலை விஷயத்துல ஒரு கணக்கு இருக்கு. மோட்டார் மாதிரி ஒரே இடத்துலேருந்து வர்ற சத்தம், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். வண்டி ஓயாம ஓடுற சாலை நீளக் கோடு. அங்கே தூரத்தை ரெண்டு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும், அது காதுக்குத் தெரிஞ்சும் தெரியாத வித்தியாசம். அதனால "சாலைலேருந்து அரை கிலோமீட்டர் இல்லை, ஒரு கிலோமீட்டர்"னு சொல்றதுல பெருசா லாபம் இல்லை. நடுவுல மேடோ குன்றோ இருக்கான்னு பாருங்க. ஒத்தை வரிசை மரம் சாலையைக் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது.

பகல்ல போய்ப் பார்த்துட்டு "சுத்தமா சத்தமே இல்லை"ன்னு முடிவு பண்ணவும் முடியாது. காத்தில்லாத தெளிஞ்ச ராத்திரியில தரையை ஒட்டின காத்து சீக்கிரம் குளிர்ந்துடும், மேல இருக்கிறது கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும். அப்போ மேல போற சத்தம் வளைஞ்சு கீழ இறங்கும். பகல்ல கேக்காத ரயில் ராத்திரி பன்னிரண்டுக்குக் கேக்கிறது இதனாலதான்.

உரிமையாளர்கிட்ட "அமைதியா இருக்குமா"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்வாங்க. தண்ணி மோட்டார் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போடுவீங்க? ஜெனரேட்டர் உண்டா, படுக்கையறையிலேருந்து எவ்வளவு தூரம்? அதே வளாகத்துல வேற வீடு வாடகைக்கு விடுறீங்களா? நாய் இருக்கா? பக்கத்துல கட்டட வேலை நடக்குதா? புல்வெட்டி என்னைக்கு ஓடும்? இப்படிக் கேட்டா மழுப்ப முடியாது. தங்கினவங்க எழுதின விமர்சனத்துல "குழந்தைகள் ரொம்ப ரசிச்சாங்க", "நெருப்பு மூட்டி விடிய விடியப் பாட்டு" மாதிரி வரி அடிக்கடி வந்தா அந்த வீடு உங்களுக்கு இல்லை.

அறுவடை சமயமான்னும் கேளுங்க. மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு இயந்திரம் ராத்திரியும் ஓடும். ஏழு இரவுன்னா ஒரு வார இறுதி எப்படியும் வரும். ஞாயித்துக்கிழமை உள்ளே போனா அது கடைசியில விழும்; அதுக்குள்ள எழுத்து ஓட ஆரம்பிச்சிருக்கும்.

காதடைப்பான் எடுத்துக்குங்க, பஞ்சு மாதிரி அமுங்குற வகை. மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காதை மேல் பக்கமா இழுத்துப் பிடிச்சு உள்ளே விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும். சும்மா வாசல்ல செருகி வச்சா பாதி பயன்கூட இல்லை. பேச்சு, பறவைச் சத்தம் நல்லாவே குறையும். மோட்டாரோட அடித்தொண்டை உறுமல் ஓரளவு வந்துகிட்டேதான் இருக்கும். சுவர்க்கடிகாரம் டிக்டிக்னா பேட்டரியைக் கழட்டி வைங்க, கிளம்பும்போது மறக்காம போட்டுடுங்க.

மேசைவிளக்கு:

மேசை உயரம் 72 முதல் 75 செ.மீ., நாற்காலி இருக்கை 43 முதல் 46 செ.மீ. இரண்டுக்கும் இடையில் 28–30 செ.மீ. வித்தியாசம் இருந்தால் தோள் தூக்காது, மணிக்கட்டு மடங்காது. சாதாரண சாப்பாட்டு மேசை இந்தக் கணக்கில் வந்துவிடும். சோபா முன் போடும் குட்டை மேசை 40–45 செ.மீ.தான், அதில் ஒரு மணி நேரம் எழுதினால் இடுப்பு போச்சு. சமையலறைத் திண்டும் உயர ஸ்டூலும் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உரிமையாளரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள்: மேசை, அதனருகே நாற்காலி, சுவரில் பிளக் பாயிண்ட், ஜன்னல் நான்கும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். பகல் பத்து மணிக்கு எடுத்தால் வெளிச்சமும் தெரிந்துவிடும். சாப்பாட்டு மேசைதான் எழுதும் மேசை என்றால் சாப்பிட வேறு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று வேளையும் தாள்களை அள்ளி வைத்துத் திரும்ப விரிப்பது சின்ன வேலைதான். ஆனால் அதிலேயே காலைப் பொழுது கரைந்துவிடும்.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுப்பக்கம் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். கையால் எழுதுபவர் வலக்கையர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கை நிழல் வரி மேலேயே விழும். லேப்டாப்பில் எழுதுவதானால் தனிக் கீபோர்டு ஒன்று எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றித் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கழுத்து தப்பிக்கும்.

இரவு வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள். தங்கும் வீடுகளில் விளக்கு அழகுக்குத்தான். மூலைக்கு ஒன்றாக நானூறு லூமன் (வெளிச்சத்தின் அளவு) மஞ்சள் பல்பு மாட்டியிருப்பார்கள், அதில் எழுத்து கலங்கும். கிளிப் போட்டு மாட்டும் மேசைவிளக்கு இரண்டு எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றும் 800 லூமன் அளவில், 2700–3000 கெல்வின் நிறத்தில், அதாவது கண்ணுக்கு இதமான வெளிர்மஞ்சள். எல்.இ.டி. என்றால் 9 வாட் போதும். பல்பு மட்டும் எடுத்துப் போனால் ஆகாது. ஹோல்டர் திருகு வகையா, பின் வகையா என்று போன பிறகுதான் தெரியும். கூடவே மூன்று மீட்டர் நீட்டிப்புக் கம்பி. பிளக் எப்போதும் கட்டிலுக்குப் பின்னால்தான் இருக்கும்.

உங்கள் தோழிக்கு மேசை தேவையில்லை. தலை சாய்க்கும் உயரத்துக்கு முதுகு உள்ள கைவைத்த நாற்காலி, கால் நீட்ட ஒரு முக்காலி, தோளுக்குப் பின்னாலிருந்து விழும் விளக்கு. கட்டிலில் சாய்ந்தே வாரம் முழுக்க வாசிக்கலாம் என்பது இரண்டாம் நாளோடு முடியும்.

ஒற்றைப்பிளக்:

லேப்டாப் பேட்டரி பெரும்பாலும் 50–60 வாட்-மணி. உங்கள் மாடலின் விவரக்குறிப்பில் இருக்கும், பாருங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபை அணைத்து, எழுத மட்டும் ஓட்டினால் 8 வாட் சுமாருக்கு இழுக்கும், ஆறேழு மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி என்றால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது 20,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். × 3.7 வோல்ட் = 74 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக 55–60 கைக்கு வரும், அதாவது லேப்டாப்புக்கு ஒரு முழு சார்ஜ். யூ.எஸ்.பி.-சி வழியாக 45 அல்லது 65 வாட் தரும் பி.டி. (பவர் டெலிவரி) வகைதான் லேப்டாப்பை ஏற்றும். போனுக்கான சாதாரணப் பவர் பேங்கைச் செருகினால் ஒன்றும் நடக்காது. வீட்டிலேயே லேப்டாப்பை 20 சதவீதத்துக்கு இறக்கி, ஏற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரண்ட் வந்தவுடன் முதலில் பவர் பேங்கைச் செருகுவது ஒரு பழக்கமாக வரட்டும்.

காரிலிருந்து இன்வெர்ட்டர் வைத்து ஏற்றலாம், இன்ஜின் ஓடும்போது மட்டும். அணைத்துவிட்டு ஏற்றினால் மறுநாள் வண்டி கிளம்பாமல் போகலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது.

வரைவுக்கு மூன்று பிரதி இருக்கட்டும்: லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவதை சிக்னல் கிடைக்கும்போது உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் போதும். தினம் மாலை கோப்பின் பெயரில் தேதி போட்டுப் புதிதாகச் சேமியுங்கள். பென் டிரைவ் லேப்டாப் பையிலேயே இருக்கக் கூடாது; பை தொலைந்தால் இரண்டும் போகும். நோட்டில் எழுதினால் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் மறந்துவிடும் விஷயம்: ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தரும், உலாவியில் இயங்கும் ஒலிபெயர்ப்புக் கருவி இணையம் இல்லாவிட்டால் நின்றுவிடும். குரல்வழித் தட்டச்சும் பல போன்களில் அப்படித்தான். விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்தோடே வருகிறது. அதைச் சேர்த்து, வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே இரண்டு பக்கம் அடித்துப் பாருங்கள், கிரந்த எழுத்துகள் உட்பட. மேகக் கணக்கில் (இணையச் சேமிப்பில்) இருக்கும் ஆவணம் என்றால் "ஆஃப்லைன்" வசதியை இணையம் இருக்கும்போதே இயக்கி வைக்கணும். அகராதியும் அப்படியே, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் பற்றிக் கேட்டீர்கள். இல்லாத வீட்டையே எடுங்கள் என்பேன். இருந்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பாதிவரைவு:

மிக்க நன்றி. வரப்போரம் அண்ணா, உங்கள் கேள்விகளை அப்படியே ஒரு வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். மோட்டார் காலை 7 மணிக்கு அரை மணி நேரம், ஜெனரேட்டர் இல்லை, வளாகத்தில் வேறு வீடு இல்லை, மேசை உயரம் 74 செ.மீ. என்று பதில் வந்தது. ஆனால் வீடு நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதாம். குளிருக்கு விறகு அடுப்பு, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு வகை. தண்ணீர் கிணற்றிலிருந்து. போன் சிக்னல் கேட் அருகே மட்டும். எடுக்கலாமா?

விறகுக்கட்டு:

எடுக்கலாம், நாலைந்து விஷயத்தைச் சரி பண்ணிக்கொண்டால்.

பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் எதிரி ஈரம். நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஜன்னல்களைத் திறந்து, மெத்தையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நுழைந்தவுடன் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் புத்தகத்தை அங்கே அடுக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிதான் முதலில் ஈரம் கோக்கும். காற்றில் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு முன்பே ஊற்றுப்பேனா மை வரி ஓரத்தில் நார் நாராகப் பரவ ஆரம்பித்திருக்கும். நோட்டு ஈரம் குடித்துவிட்டது என்று அதிலேயே தெரியும். ஜிப் வைத்த உறையில் போட்டு வைத்து, எழுதும்போது மட்டும் எடுங்கள். பால்பாயிண்ட் பேனா இரண்டு கூட இருக்கட்டும்.

ஈரத்தைப் போக்க என்று புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரைப் போடுவார்கள். அது வேலையைக் கெடுக்கும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளியேறி அறைக்குள்ளேயே நிற்கும். எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு விறகு அடுப்பைப் பற்றவைப்பதே சரி.

விறகு காய்ந்ததா என்று பாருங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். வெட்டுமுகத்தில் கீறல் விட்டிருக்கும், பட்டை கையோடு உரியும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். பச்சை விறகு என்றால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். எரியும்போது நுனியில் நுரை தள்ளிச் சீறும், கண்ணாடி கறுத்துப்போகும், புகைக்குழாயில் தார் போன்ற கீல் படியும். குழாய்த் தீக்கு அதுதான் காரணம்.

பற்றவைக்க, காற்றுத் துளைகளை முழுசாகத் திறங்கள். அடியில் பிளந்த கட்டை இரண்டு, மேலே பென்சில் தடிமனுக்குச் சுள்ளி குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் தீமூட்டித் துண்டு. மேலிருந்து கீழே எரியட்டும், புகை குறைவாக வரும். நன்றாகப் பிடித்த பிறகு துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ராத்திரி முழுக்கத் தணல் நிற்கட்டும் என்று துளையை இறுக்கி மூடிவிட்டுத் தூங்குவதுதான் ஆபத்து. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, புகைக்குழாய் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேளுங்கள். அலாரம் இல்லை என்றால் பேட்டரியில் ஓடும் ஒன்றை நீங்களே வாங்கிப் போங்கள், சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு. கரி அடுப்பு வீட்டுக்குள் கூடவே கூடாது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள், உள்ளே புதைந்த தணல் மறுநாளும் உயிரோடு இருக்கும்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் வைத்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே இருக்கும் இடம் என்றால் மூன்று நிமிடம். நான்கு மாதம் ஓடாத குழாய்களையும் ஷவரையும் முதல் நாள் சில நிமிடம் திறந்து விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். அப்படித் திறந்து விட்ட ஷவர் ஓடும்போது அறைக்குள் நிற்க வேண்டாம்.

சிக்னல் கேட்டில் மட்டும் என்றால், வீட்டின் முகவரி, வரைபடத்தில் இடம் காட்டும் ஆயத்தொலைவு எண்கள், உரிமையாளர் எண், அருகிலுள்ள மருத்துவமனை நாலையும் ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தினம் ஒரு குறித்த நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி. இரவில் கேட் வரை போக டார்ச், மூடிய செருப்பு. வெளியே விட்ட காலணியை உதறிவிட்டுப் போடுங்கள்.

நடுப்பக்கம்:

ஒற்றைப்பிளக் சொன்ன "இணையமே வேண்டாம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிட வேலைக்கு ஐந்து கிலோமீட்டர் காரில் போய் சிக்னல் தேடுவது இணையத்தைவிடப் பெரிய கவனச்சிதறல். இவர்களுக்குக் கேட்டில் சிக்னல் இருப்பதே சரியான அளவு. எழுதும்போது ஒரு தகவல் தேவைப்பட்டால் அந்த இடத்தில் ## என்று அடித்துவிட்டுத் தாண்டிப் போங்கள். மாலையில் ## என்று தேடினால் அத்தனையும் வரிசையாக வரும். பட்டியலோடு கேட்டுக்குப் போய் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

அடுத்தது கசப்பான கணக்கு. ஏழு இரவு என்றால் முழு நாள் ஆறு. அதில் முதல் நாள் பாத்திரம் தேடுவதிலும் தூங்குவதிலும் போகும். மிச்சம் ஐந்து. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 800 முதல் 1200 சொல் நல்ல அளவு. ஆக 4000–6000 சொல். பாதிக் குறுநாவலை முடித்துவிட்டு வருவேன் என்று போனால் நான்காம் நாளே சோர்வு தட்டும். எந்த இரண்டு அத்தியாயம் என்று இப்போதே முடிவு செய்து, மீதமுள்ள காட்சிகளை ஒரு பக்கத்தில், காட்சிக்கு ஒரு வரி வீதம் எழுதிக்கொண்டு போங்கள்.

இந்த மாதிரி வாரங்கள் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஏற்கெனவே எழுதிய பாதியைத் திருத்த உட்கார்ந்துவிடுவது. அந்தப் பாதியை அச்செடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் புதுக் கோப்பு மட்டும் திறந்திருக்கட்டும். முதல் நாள் மாலை பென்சிலோடு ஒருமுறை வாசித்து ஓரக்குறிப்பு போட்டுவிட்டு ஓரமாக வையுங்கள். தினமும் ஒரு காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல், நடுவில், அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் காலை வெற்றுத்திரை பார்த்து உட்கார வேண்டியதில்லை.

புத்தகக் கணக்கு தோழிக்கு: மணிக்கு முப்பது பக்கம், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆறு நாள், ஆக 900 பக்கம். மூன்று, அதிகம் போனால் நான்கு. பத்து எடுத்துப் போனால் எல்லாவற்றிலும் இருபது பக்கம் புரட்டி முடியும். கனமானது ஒன்று, வேகமாக ஓடுவது ஒன்று, நடுநடுவே பிரிக்கச் சிறுகதையோ கவிதையோ ஒன்று. எழுதுகிறவருக்கு ஒன்று போதும், அதுவும் புனைவு வேண்டாம். வாசிக்கும் நடை வரைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி போடுபவர்கள் மாற்றுக் கண்ணாடியும் அதன் சின்னத் திருப்புளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருவர் போவதால் இன்னொன்று. வாசிக்கிறவர் நல்ல வரி கிடைத்ததும் "இதைக் கேளேன்" என்று உரக்கப் படிப்பார். எழுதுகிறவரின் காலை அங்கேயே உடையும். ஒன்பது முதல் ஒன்று வரை பேச்சில்லை என்று முன்பே பேசி வையுங்கள். பிடித்த வரிக்குச் சீட்டு வைத்துவிட்டால் இரவுச் சாப்பாட்டில் எல்லாம் பேசலாம். சமையலை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாளைக்குச் சேர்த்து. சமைத்தது ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

பாதிவரைவு:

ஞாயிறு நுழைவுக்குக் கேட்டேன், கிடைத்துவிட்டது. அலாரம் வீட்டில் இல்லையாம், நாங்களே வாங்குகிறோம். மேசைவிளக்கு ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்: அவர் அனுப்பிய படத்தில் மேசைப் பலகை தடிமனாகத் தெரிகிறது, ஓரமும் உருண்டை. கிளிப் விளக்கு பிடிக்குமா?

மேசைவிளக்கு:

உருண்டை ஓரத்தில் ஸ்பிரிங் கிளிப் வழுக்கும். அடியில் திருகி இறுக்கும் கவ்வி உள்ள விளக்காக வாங்குங்கள். அவை பெரும்பாலும் 5 செ.மீ. வரை தடிமனைப் பிடிக்கும், அட்டையில் எத்தனை என்று போட்டிருக்கும். பலகைத் தடிமனை அளந்து சொல்லச் சொல்லுங்கள், ஓரத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிறதா என்பதையும். சட்டம் ஓரத்தை ஒட்டியே இருந்தால் எந்தக் கவ்வியும் நிற்காது. அப்போது கனமான அடித்தட்டு உள்ள விளக்குதான். கவ்விக்கும் மரத்துக்கும் நடுவே மடித்த துணி ஒன்று வையுங்கள், வார்னிஷில் தழும்பு விழுந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.